டிரெய்லர் இழுக்கும் பிக்கப்புக்கு எந்த டயர், எவ்வளவு லிஃப்ட்?

பிக்கப் வண்டியின் பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டிக்கொண்டு, யூட்டா, அரிசோனா, கொலராடோ மண் பாதைகளில் நாள்கணக்கில் சுற்றுவதை அமெரிக்காவில் ஓவர்லேண்டிங் என்கிறார்கள். வழியிலேயே சமையல், வழியிலேயே தூக்கம், தண்ணீரும் பெட்ரோலும் கையோடு. இதற்கு வண்டியைத் தயார் செய்யப் போனால் முதலில் காதில் விழுவது "3 அங்குல லிஃப்ட், 33 டயர்" என்ற பேச்சுதான், அதாவது வண்டியை 3 அங்குலம் உயர்த்தி, 33 அங்குல விட்டமுள்ள டயர் போடுவது. தனியாக ஓடும் வண்டிக்கு அது ஓரளவு சரி. டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு அந்த வரிசை ஒத்துவராது. அங்கே முதலில் எடை, அப்புறம் டயர், கடைசியில்தான் லிஃப்ட்.

விளக்கத்துக்கு ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 2016 முதல் 2023 வரை விற்ற டொயோட்டா டகோமா, 3.5 லிட்டர் வி6 இன்ஜின், 6 கியர் ஆட்டோமேட்டிக், ஃபோர் வீல் டிரைவ். கம்பெனி போட்டுத் தரும் டயர் 265/70 ஆர்16. பின்னால் 3,500 பவுண்டு (சுமார் 1,590 கிலோ) எடையுள்ள ஒரு சின்ன ஆஃப்-ரோடு டிரெய்லர்.

## டயர் செய்யும் வேலை வேறு, லிஃப்ட் செய்யும் வேலை வேறு

வண்டியின் அடியில் குனிந்து பார்த்தால் பின் ஆக்ஸிலின் நடுவில் பூசணிக்காய் மாதிரி ஓர் உருண்டை தொங்கும். டிஃபரென்ஷியல், அதாவது இன்ஜின் சக்தியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் கியர்த் தொகுதி, இருப்பது அதற்குள். பாறையில் பெரும்பாலும் முதலில் இடிப்பது அதுதான். லிஃப்ட் என்பது ஸ்பிரிங்குக்கு மேலே உள்ள பாகங்களை, அதாவது சேஸியையும் பாடியையும், உயர்த்துகிறது. ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கும். 3 அங்குலம் லிஃப்ட் போட்டாலும் அந்தப் பூசணிக்காய் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். அதுவும் விட்டத்தில் கூடுகிற அளவில் பாதிதான், ஏனென்றால் ஆக்ஸில் இருப்பது சக்கரத்தின் மையத்தில்.

265/70 ஆர்16 என்ற எண்ணை இப்படிப் படிக்க வேண்டும். டயரின் அகலம் 265 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம், அதாவது 185.5 மி.மீ. ரிம் 16 அங்குலம், அதாவது 406.4 மி.மீ. மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், நடுவில் ரிம். கூட்டினால் விட்டம் 777 மி.மீ., சுமார் 30.6 அங்குலம். இதே கணக்கில் மூன்று அளவுகளைப் பார்க்கலாம்.

1. 265/75 ஆர்16: விட்டம் 804 மி.மீ. (31.6 அங்குலம்). டிஃபரென்ஷியலுக்கு அடியில் கூடுவது 13 மி.மீ.

2. 285/75 ஆர்16, பேச்சு வழக்கில் "33": விட்டம் 834 மி.மீ. (32.8 அங்குலம்). கூடுவது 28 மி.மீ.

3. 35 அங்குல டயர்: விட்டம் 889 மி.மீ. கூடுவது 56 மி.மீ. இதைப் போட வேண்டுமென்றால் இந்த வண்டியில் ஃபெண்டரை வெட்ட வேண்டும், கேபின் மவுண்டை வெட்ட வேண்டும்.

அப்படியானால் லிஃப்ட் எதற்கு? பெரிய டயர் ஃபெண்டரில் உரசாமல் இருக்க இடம் தருகிறது. முன்னாலும் பின்னாலும் ஏறி இறங்கும் கோணம் கூடுகிறது. வயிற்றுப் பகுதி மேட்டில் தட்டாமல் காக்கிறது. இவை மூன்றும் உண்மையான பலன்கள். ஆனால் பின்னால் வரும் டிரெய்லருக்கும் ஓர் ஆக்ஸில் உண்டு, அதற்கும் ஓர் அடிவயிறு உண்டு. வண்டி தாண்டிய பாறையில் டிரெய்லர் மாட்டிக்கொண்டால் வண்டிக்குச் செய்த செலவு வீண்.

## முதலில் எடை

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு மஞ்சள்-வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று ஓர் எண் அதில் அச்சாகியிருக்கும். அதுதான் பேலோட். ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக எழுதப்படுவது. டகோமாவில் 1,100 பவுண்டு (500 கிலோ) அளவில் பார்க்கலாம். இழுவைத் திறன் 6,400 பவுண்டு என்று விளம்பரத்தில் இருக்கும்போது 3,500 பவுண்டு டிரெய்லருக்கு என்ன கவலை என்று தோன்றும். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு முதலில் தீர்ந்துபோவது இழுவைத் திறன் இல்லை, பேலோட்தான்.

மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றுகிறவர் முதலில் பார்ப்பது முன்பாரம், பின்பாரம். பாரம் பின்னால் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு மேலே எழும்பும். முன்னால் கூடினால் கழுத்தை அழுத்தும். டிரெய்லரிலும் இதே கணக்குதான். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வண்டியின் ஹிட்ச் பந்தின் மேல், அதாவது டிரெய்லரை மாட்டும் இரும்பு உருண்டையின் மேல், இறங்க வேண்டும். இதற்கு டங் வெயிட் என்று பெயர். இது குறைந்து பின்பாரம் ஆனால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும். அந்த ஆட்டம் பெரிதானால் வண்டியையே புரட்டிவிடும். ஆகவே டங் வெயிட் வேண்டும். ஆனால் அது வண்டியின் பேலோடில்தான் கழியும்.

நம் வண்டியில் போட்டுப் பார்ப்போம். பெரியவர்கள் இருவர் 340 பவுண்டு. டங் வெயிட் 12 சதவீதம் என்று வைத்தால் 420. கூரைக் கூடாரமும் அதைத் தாங்கும் ரேக்கும் 220. பத்து கேலன் தண்ணீர் 83. ஃப்ரிட்ஜும் அதில் உள்ள சாப்பாடும் 70. கயிறு, ஜாக்கி, கருவிகள் 60. மொத்தம் 1,193 பவுண்டு. எல்லையைத் தாண்டி 93 பவுண்டு போய்விட்டது. ஸ்டீல் பம்பரும், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சும் இன்னும் கணக்கில் வரவில்லை. கனமான புது டயர்களும் வரவில்லை.

எடை இறங்கும் இடமும் முக்கியம். பந்து இருப்பது பின் ஆக்ஸிலுக்கும் பின்னால். இந்த வண்டியின் முன், பின் சக்கரங்களுக்கு இடையே 127 அங்குலம். பந்து பின் ஆக்ஸிலிலிருந்து 50 அங்குலம் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்போது 420 பவுண்டு ஒரு நெம்புகோல் போல வேலை செய்து, முன் ஆக்ஸிலிலிருந்து 165 பவுண்டைத் தூக்கிவிடும். பின் ஆக்ஸிலில் இறங்குவது 585 பவுண்டு. ஸ்டீயரிங்கும் பெரும்பகுதி பிரேக்கும் முன் சக்கரங்களை நம்பி இருப்பவை. அவற்றின் பிடி அந்த அளவுக்குக் குறைகிறது.

இங்கே ஒரு தப்பெண்ணம் பரவலாக இருக்கிறது: கெட்டியான ஸ்பிரிங் போட்டால் பேலோட் கூடிவிடும் என்று. அப்படிக் கூடுவதில்லை. வண்டி தாங்க வேண்டிய மொத்த எடைக்குக் கம்பெனி போட்ட எல்லை ஆக்ஸில், பேரிங், பிரேக், சேஸி எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டது. ஸ்பிரிங்கை மாற்றினால் வண்டி தொங்குவது நிற்கும், எல்லை நகராது. மேலே சொன்ன கணக்கில் செய்யக்கூடியது ஒன்றுதான். கூடாரத்தை வண்டியின் கூரையிலிருந்து இறக்கி டிரெய்லரின் மேல், அதன் ஆக்ஸிலுக்கு நேராகப் போடுங்கள். வண்டியின் பாரம் 973-க்கு இறங்கும். ஆக்ஸிலுக்கு நேராக இருப்பதால் டங் வெயிட் பெரிதாக ஏறாது.

எல்லாம் ஏற்றிய பிறகு நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் என்ற நிறுவனத்தின் எடைமேடையில் ஒரு முறை ஏறிப் பாருங்கள். முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், டிரெய்லர் ஆக்ஸில் என்று மூன்று எண்களாகத் தனித்தனியே அச்சிட்டுத் தருவார்கள். டிரெய்லரைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை ஏறினால், வண்டியின் இரண்டு எடைகளுக்கும் உள்ள வித்தியாசமே டங் வெயிட். இந்தச் சீட்டு கையில் இல்லாமல் டயரும் ஸ்பிரிங்கும் வாங்குவது, அளவெடுக்காமல் சட்டை தைப்பது போல.

## டயர் பெரிதானால் கியர் மெலிகிறது

அமெரிக்காவில் இழுவைத் திறனைச் சோதிக்க எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே2807 என்றொரு தரநிலை இருக்கிறது. பிக்கப்புகளில் முதலில் அதைக் கடைப்பிடித்தது 2011 மாடல் டொயோட்டா டண்ட்ரா. அந்தச் சோதனையில் ஒன்று அரிசோனாவில் டேவிஸ் அணைக்கருகே தொடங்கும் மலையேற்றம். 11.4 மைல் தூரம், 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், ஏசி முழு வேகத்தில் ஓட வேண்டும். முழு டிரெய்லர் எடையோடு, பின்னால் இரட்டைச் சக்கரங்கள் இல்லாத பிக்கப் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். இப்படிச் சோதித்துத் தரும் எண் கம்பெனி டயரோடும் கம்பெனி உயரத்தோடும் இருக்கும் வண்டிக்கானது. டயரை மாற்றிய நிமிடத்தில் நீங்கள் வேறொரு வண்டியை ஓட்டுகிறீர்கள்.

எப்படி என்று பார்ப்போம். இந்த டகோமாவின் ஆக்ஸில் கியர் விகிதம் 3.909. கியர்பாக்ஸிலிருந்து ஆக்ஸிலுக்குச் சக்தி கொண்டுபோகும் கார்டன் ஷாஃப்ட் 3.909 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். டயர் பெரிதானால் அதே ஒரு சுற்றில் வண்டி கூடுதல் தூரம் போகும். அதாவது, சைக்கிளில் எப்போதும் ஒரு கியர் கூடுதலாகப் போட்டு மிதிப்பது போல. 265/75-க்கு மாறினால் விகிதம் 3.78 போல ஆகிறது, இழப்பு 3 சதவீதத்துக்குச் சற்று மேல். 285/75-இல் 3.64, இழப்பு சுமார் 7 சதவீதம். 35 அங்குலத்தில் 3.42, சுமார் 12.5 சதவீதம்.

7 சதவீதம் சின்ன எண்ணாகத் தெரியலாம். டென்வரிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே ஏறினால் அதன் எடை தெரியும். ஐசனோவர் சுரங்கம் 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். கடல்மட்டத்தில் 278 குதிரைத்திறன் தரும் இந்த வி6, அங்கே மூன்றில் ஒரு பங்கை இழந்து நிற்கும். அந்த நேரத்தில்தான் டயர் தின்ற 7 சதவீதமும் சேர்கிறது. கியர்பாக்ஸ் நாலுக்கும் மூன்றுக்கும் இடையே மாறி மாறித் தாவும். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்ள முடியாமல் வழுக்கும். வழுக்கல் சூடாகும், அந்தச் சூடு கியர்பாக்ஸ் ஆயிலில் ஏறும். இப்படி இழுக்கிற வண்டியில் கியர்பாக்ஸ்தான் முதலில் அடிவாங்கும்.

இழந்ததை மீட்க ஒரு வழி உண்டு, ஆக்ஸில் கியர் விகிதத்தைத் தீர்மானிக்கும் பல்சக்கர ஜோடியான கிரௌன் பினியனை மாற்றுவது. 33 டயரோடு பழைய இழுவை வேண்டுமென்றால் விகிதம் 4.19 வேண்டும். சந்தையில் அதற்கு நெருக்கமாகக் கிடைப்பது 4.30. டயரின் கூடுதல் எடையையும் டிரெய்லரையும் நினைத்தால் 4.56-ஐ எடுப்பது நல்லது. ஃபோர் வீல் டிரைவ் என்பதால் முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் இரண்டிலும் ஒரே விகிதம் இருந்தாக வேண்டும், ஆகவே செலவும் இரட்டிப்பு. புதுக் கியர் பல் பழகும்வரை, முதல் 500 மைலாவது டிரெய்லர் மாட்டக் கூடாது. இவ்வளவும் செய்தாலும் கம்பெனி போட்ட இழுவை எல்லை அதேதான்.

பிரேக்கும் இதே கணக்கில் வருகிறது. டிஸ்க் அதே அளவு, சக்கரம் மட்டும் பெரிது. நெம்புகோலின் எதிர்க்கை நீண்டுவிட்டது. 7 சதவீதம் பெரிய டயரை அதே வேகத்தில் நிறுத்த 7 சதவீதம் கூடுதல் பிடி வேண்டும். டிரெய்லருக்கும் பெரிய டயர் போட்டால் அதன் எலெக்ட்ரிக் பிரேக்கும் அதே அளவு பலமிழக்கும். பெரும்பாலான மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம், கலிஃபோர்னியாவில் 1,500-க்கு மேலேயே. நம் டிரெய்லருக்கு அது எப்படியும் வேண்டும்.

## எல்டி டயரும் அதில் அடிக்கும் காற்றும்

டயரின் அளவைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. டிரெய்லர் இழுக்கிறவர் கவனிக்க வேண்டிய இடம் இது.

அளவுக்கு முன்னால் பி என்று இருந்தால் பயணிகள் கார் டயர். எல்டி என்று இருந்தால் இலகு லாரி டயர், சுவர் தடித்தது. எல்டியிலும் சி, இ என்று பலப் படிகள் உண்டு. 265/75 ஆர்16 சி வகை 50 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு அழுத்தம்) காற்றில் 1,120 கிலோ தாங்கும். அதே அளவு இ வகை 80 பிஎஸ்ஐயில் 1,550 கிலோ. கேட்கச் சிறப்பாக இருக்கிறது. ஆனால் அந்த எடை அந்தக் காற்றில்தான். கதவு ஸ்டிக்கரில் உள்ள அழுத்தம் கம்பெனி டயருக்கு எழுதியது. அதே காற்றை எல்டி டயரில் அடித்தால் அது தாங்கும் எடை பழைய டயரைவிடக் குறைந்துவிடும். தடித்த டயர் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் ஸ்டிக்கர் காற்றோடு போகிறவர், உண்மையில் பலவீனமான டயரில் போகிறார். டயர் கம்பெனிகள் வெளியிடும் எடை-காற்று அட்டவணையில், எடைமேடைச் சீட்டில் உள்ள ஆக்ஸில் எடையை வைத்துப் பார்த்து, அதற்கு உரிய காற்றை அடிக்க வேண்டும்.

டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் லட்சக்கணக்கில் திரும்பப் பெறப்பட்ட பிறகு வந்த சட்டத்தால்தான் அந்த விளக்கு கட்டாயம் ஆனது. ஸ்டிக்கர் அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்தால் அது எரிய வேண்டும் என்பது விதி. ஸ்டிக்கர் 35 என்றால் சுமார் 26-இல் எரியும். உங்கள் எல்டி டயருக்குத் தேவை 45 என்று வையுங்கள். அது 30-க்கு இறங்கி, மூன்றில் ஒரு பங்கு காற்று போன பிறகும் விளக்கு எரியாது. டயர் மட்டும் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும்.

மணலில் இறங்கும்போது 18, 20 பிஎஸ்ஐக்குக் காற்று இறக்குவார்கள். டயர் தட்டையாகி, அதன் தடம் நீளமாகும், மணலில் புதையாது. டிரெய்லர் டயரிலும் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் அது கலப்பை போல மணலை உழுதுகொண்டு வரும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் எல்லாவற்றிலும் காற்று ஏற்றிய பிறகுதான் வேகம். ஒரு கம்ப்ரஸர் வாங்குவது பெரிய டயர் வாங்குவதைவிட முந்தைய செலவாக இருக்க வேண்டும் என்று சொல்வேன். பல இடங்களில் 33 டயர் செய்வதைக் காற்று இறக்கிய 31.6 செய்துவிடும்.

## லிஃப்ட்

கம்பெனியிலிருந்து வரும் பிக்கப்பின் பின்பக்கம் சற்றுத் தூக்கலாகவே இருக்கும். பாரம் ஏற்றினால் சமமாகட்டும் என்று வைத்த உயரம் அது. பார்க்க அழகாக இல்லை என்று முன்பக்கத்தை மட்டும் உயர்த்தி லெவலிங் கிட் போடுகிறார்கள். வெறும் வண்டியாக நிற்கும்போது அழகுதான். டிரெய்லரை மாட்டியதும் பின்பக்கம் அமுங்கி, மூக்கு வானத்தைப் பார்க்கும். ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். டிரெய்லர் இழுக்கிறவர் தவிர்க்க வேண்டிய ஒரு பொருளைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கை வாங்கும்போது "எத்தனை அங்குலம்" என்று கேட்பதைவிட "எத்தனை பவுண்டு நிரந்தரப் பாரத்துக்கு" என்று கேளுங்கள். வண்டியில் எப்போதும் இருக்கும் 300 பவுண்டு, 600 பவுண்டு என்று தனித்தனிக் கட்டுகள் கிடைக்கின்றன. எப்போதாவது டிரெய்லர் மாட்டுகிறவர் 600 பவுண்டு கட்டைப் போட்டால், மற்ற நாளெல்லாம் கட்டை வண்டி போலக் குதிக்கும். ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர் பேக் என்ற காற்றுப் பை போட்டு அமுங்கலைச் சரிசெய்வோரும் உண்டு. தார்ச்சாலையில் அது சரி. ஆனால் லீஃப் ஸ்பிரிங் இரண்டு முனைகளில் பகிர்ந்து வாங்கிய பாரத்தை ஏர் பேக் சேஸியின் ஒரே புள்ளியில் இறக்குகிறது. கூடுதல் பாரத்தோடு குண்டும் குழியுமான பாதையில் ஓடி, கேபினுக்குப் பின்னால் சேஸி வளைந்துபோன பிக்கப்புகள் ஆஸ்திரேலிய உள்நாட்டுப் பாதைகளில் பல.

முன்பக்கம் 2 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 3-ஐ நெருங்கினால் ஆக்ஸில் ஷாஃப்டின் மூட்டுகள் எந்நேரமும் சாய்ந்த கோணத்தில் சுழன்று, ரப்பர் உறைகள் கிழியும். காஸ்டர் கோணம், அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறைந்து ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பும் குணம் மங்கும், சக்கரத்தைச் சேஸியோடு பிணைக்கும் மேல் கன்ட்ரோல் ஆர்மையும் மாற்ற வேண்டி வரும். டங் வெயிட் ஏற்கெனவே முன் சக்கரத்தின் பிடியைக் குறைத்துவிட்டது என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

## பந்தின் உயரம்

2 அங்குல லிஃப்ட், டயரால் அரை அங்குலம், ஆக ஹிட்ச் 2.5 அங்குலம் மேலே போய்விட்டது. பழைய பந்திலேயே மாட்டினால் டிரெய்லரின் மூக்கு தூக்கிக்கொள்ளும், அதில் உள்ள தண்ணீரும் சாமானும் பின்னால் சாயும். சரியாக இருந்த முன்பாரம் குறைந்துபோகும். இரட்டை ஆக்ஸில் டிரெய்லர் என்றால் பின் ஆக்ஸில் கூடுதலாகச் சுமக்க நேரும்.

பந்தைக் கீழே இறக்கும் டிராப் ஹிட்ச் வாங்கலாம். ஆனால் 6 அங்குலம் தொங்குகிற இரும்பு ஓடைக்கரையில் ஏறும்போது மண்ணைக் கொத்தும், லிஃப்டால் கிடைத்த பின்கோணம் அதிலேயே போய்விடும். டிரெய்லரையும் வண்டிக்கு ஈடாக உயர்த்துவதே நல்ல வழி. அதற்குத்தான் வண்டியின் உயரத்தை அளவோடு நிறுத்தச் சொல்வது. டிரெய்லரை உயர்த்த உயர்த்த அதன் புவியீர்ப்பு மையமும் ஏறும், பக்கச் சரிவில் கவிழ்வது எளிதாகும்.

அளக்கும் முறை இது. இரண்டிலும் முழுப் பாரம் ஏற்றி, சமதரையில் நிறுத்துங்கள். டிரெய்லரை மட்டமாக்கி அதன் கப்ளர் (பந்தின் மேல் உட்காரும் மூடி) தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று பாருங்கள். வண்டியின் ஹிட்ச் குழாயும் எத்தனை என்று பாருங்கள். வித்தியாசம்தான் டிராப். மாட்டிய பிறகு வண்டி கொஞ்சம் அமுங்கும், ஆகவே இன்னொரு முறை அளந்து, டிரெய்லர் மட்டமாகவோ மூக்கு ஒரு விரலளவு தாழ்ந்தோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரெய்லருக்கும் வண்டிக்கும் ஒரே டயர், ஒரே ரிம் இருந்தால் ஒரு ஸ்டெப்னி இரண்டுக்கும் ஆகும். டகோமாவின் சக்கரத்தில் 6 போல்ட், 139.7 மி.மீ. வட்டம். பல டிரெய்லர் ஆக்ஸில்களும் அதே அமைப்பில் வருகின்றன. டிரெய்லருக்கு ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டு வாங்க வேண்டியது இது.

## இந்த வண்டிக்கு என் தேர்வு

இருக்கும் 16 அங்குல ரிம்மிலேயே எல்டி 265/75 ஆர்16, சி வகை. கூர்மையான பாறைகள் நிறைந்த பாதை என்றால் மட்டும் இ வகை. கியரில் கை வைக்க வேண்டாம், அதே 3.909 போதும். முன்னால் ஒன்றரை முதல் 2 அங்குலம். பின்னால் எடைமேடைச் சீட்டைப் பார்த்துத் தேர்ந்த லீஃப் கட்டு. டிரெய்லருக்கும் அதே டயர், ஆனால் அதன் ஆக்ஸிலுக்கும் பிரேக்குக்கும் அந்த விட்டம் பொருந்தும் என்று டிரெய்லர் செய்தவரிடம் கேட்ட பிறகு. 33 டயர் வேண்டுமென்றே இருக்கிறவர், கிரௌன் பினியனுக்கான பணத்தையும் டயரின் விலையோடு சேர்த்து எடுத்துவைத்த பிறகு கடைக்குப் போகட்டும். 35 டயர் போட்டு 3,500 பவுண்டு டிரெய்லரை ராக்கி மலைகளில் இழுக்க நினைக்கிறவருக்கு டகோமா ஏற்ற வண்டி அல்ல. அவர் முக்கால் டன் என்று அழைக்கப்படும் கனரக பிக்கப் பக்கம் பார்க்க வேண்டும்.